ஏழாவது கறுப்பி

மக்டலினுக்குக் கோபம் வந்தால் ஊர் தள்ளி நிற்கும். சந்தோஷம் வந்தாலும் தள்ளித்தான் நிற்கும். இன்றைக்கு அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று தெரியாததால் மாம்புரி மீனவர்கள் எதற்கும் நாலு முழம் தள்ளியே நின்றார்கள். அவளோ காலஞ்சென்ற கணவனின் பழைய சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் கரியோடு, கறுப்பியின் மேல் ஏறி நின்றாள்.

"அம்மா, ஊசி ஏறுது" என்றாள் மகள் ஷானிகா, நீராவி அளவைப் பார்த்தபடி.

"ஏறட்டும். இறங்கவா இவ்வளவு பாடுபட்டம்?"

கறுப்பி யார் என்று இந்தக் கிழமைதான் மாம்புரிக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

முன்னொரு காலத்தில் இங்கே உப்பளத்திலிருந்து துறைக்கு உப்பு மூட்டை இழுக்க ஆறு குட்டி நீராவி இயந்திரங்கள் ஓடின. ஆறுக்கும் ஒரே அச்சு, ஒரே நிறம். அதனால் ஆறுக்கும் ஒரே பெயர்: கறுப்பி. உப்புக் கொம்பனி மூடுண்டது. சண்டைக் காலத்தில் ஆறு கறுப்பிகளும் பழைய இரும்பு விலைக்கு வெட்டுப்பட்டன. மிஞ்சியது மணலுக்குள் புதைந்த தண்டவாளமும் அதன் வழியே துறைக்குப் போகிற பாதையும்தான். அந்தப் பாதையை நம்பித்தான் மீனவர்கள் கடலுக்குப் போகிறார்கள். மக்டலின் தன் வேலைக்களத்தில் செய்கிற பைபர் படகுகளும் அந்த வழியாகத்தான் தண்ணீரைக் காண்கின்றன.

சண்டை முடிந்ததும் கடற்கரைக்கு ஒரு ஹோட்டல் வந்தது. ஓடாத பாதை ஆருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிக் குறுக்கே வேலியும் இரும்புக் கேற்றும் போட்டது. மீனவர் சங்கம் தகராறு பண்ணியது. கொம்பனி போகும்போது தண்டவாளப் பாதையைச் சங்கத்துக்குத்தானே எழுதிக்கொடுத்தது என்றார்கள். பிரதேச செயலகத்தில் கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் ஹோட்டல் மேலாளர் றொகான் சிரித்துக்கொண்டே கேட்டான்: "ரெயில் பாதை எண்டால் ரெயில் எங்க? கொண்டுவந்து ஓட்டிக் காட்டுங்க. நானே கைதட்டுறன்."

எல்லோரும் தலை குனிந்தபோது பின்வரிசையில் ஒரு கதிரை மட்டும் கிரீச்சிட்டது.

"கொண்டுவாறம்" என்றாள் மக்டலின்.

காணி உத்தியோகத்தர் ஒரு கண்டிப்பான பெண். அவர் இரண்டு பேரின் வார்த்தையையும் அப்படியே எழுதிக்கொண்டார். சங்கத்துக்குத் தவணையும் கொடுத்தார். அந்தத் தவணை இன்றைக்கு முடிகிறது. அதற்குள் மீனவர்கள் தண்டவாளத்து மணலை அள்ளி முடித்திருந்தார்கள்.

வாய் கொடுத்தவள் மக்டலின் என்றால், ஏழாவதாக ஒரு கறுப்பியைப் புதிதாகக் கட்டக் கை கொடுத்தவர் தில்லையடியில் பட்டறை வைத்திருக்கும் ஜபார் நானா. சக்கரச் சில்லுகளை வார்த்தது அவர். நீராவி உருளைகளைக் கடைந்ததும் அவர். தேங்காய் ஆலைகளுக்குக் கொதிகலன் செய்கிற சிலாபத்துக்காரர்கள் இதற்கும் ஒன்று செய்து, சோதித்து, முத்திரை குத்தி, முந்தாநாள்தான் லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். இடையில் ஜபார் நானா மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்விட்டார். சில்லுகளை அச்சில் இறுக்கிப் பூட்டுகிற வேலை மக்டலினின் தலையிலும் அவள் தம்பி ஜோர்ஜின் தலையிலும் விழுந்தது.

அங்கேதான் குடும்பம் உடைந்தது. போன கிழமை நடந்தது அது. சில்லுகளைப் பூட்டி முடித்த அன்று ஜோர்ஜ், "அக்கா, இது பிழை, கழட்டுவம்" என்றான். ஹோட்டல்காரன் அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது ஊருக்கே தெரியும். "றொகான்ட வாயால கதைக்கிறவனுக்கு என்ட வீட்டில சோறில்ல" என்றாள் மக்டலின். ஜோர்ஜ் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். மறுநாள் ஹோட்டலின் நீலச் சட்டையோடு அதே இரும்புக் கேற்றடியில் காவல் நின்றான்.

அதைப் பார்த்த நாளிலிருந்து மக்டலின் தம்பியின் பெயரை வாயில் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதற்கே அவளுக்குப் பாதிப் பலம் செலவானது.

காணி உத்தியோகத்தரின் வாகனம் வந்து நின்றது. பின்னாலேயே றொகான், வெள்ளைச் சப்பாத்தில் மணல் படாமல் நடந்து வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு முச்சக்கரவண்டி. அதிலிருந்து தொப்பியும் பேரீச்சம்பழப் பொதியுமாக ஜபார் நானா இறங்கினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் புள்ளயள்! நேத்துத்தான் வந்து இறங்கினன். கறுப்பிட நாளெண்டு கேள்விப்பட்டு ஓடியாறன்."

"வாங்கோ நானா" என்று மக்டலின் மேலிருந்தே கும்பிட்டாள். "நீங்க பெத்த புள்ளயப் பாருங்கோ."

ஜபார் கறுப்பியைப் பார்த்தார். புதுக் கறுப்புப் பூச்சில் வெயில் வழுக்கியது. "மாஷா அல்லாஹ்" என்றார்.

"தொடங்கலாமா?" என்றார் உத்தியோகத்தர். "துறைவரைக்கும் ஓடினாப் போதும். ஓடினா ஓடினதெண்டு எழுதுவன். ஓடாட்டி ஓடேல்லயெண்டு எழுதுவன். எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

மக்டலின் சிலுவை போட்டுக்கொண்டாள். "தலவில கோயில் அன்னம்மாவே, நீதான் துணை." நீராவிக் கைப்பிடியை இழுத்தாள்.

கறுப்பி சீறினாள். கீழே இரண்டு பக்கமும் வெள்ளைப் புகை பாய்ந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். காகங்கள் தென்னைகளை விட்டுப் பறந்தன.

சில்லு அசையவில்லை.

மக்டலின் கைப்பிடியை மூடித் திறந்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். சீற்றம் கூடியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பிறேக் போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

"நல்ல கேத்தில்" என்றான் றொகான். "தேத்தண்ணி ஊத்தலாம்."

அவனோடு வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மீனவர்கள் துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் மக்டலினைச் சுட்டது. வேலி நிலைத்துவிட்டால் நாளைக்கு இவர்கள் படகைத் தோளில் தூக்கிக்கொண்டா கடலுக்குப் போவார்கள்?

ஜபார் நானா பேரீச்சம்பழப் பொதியை மணலில் வைத்துவிட்டுக் குனிந்தார். வலது பக்கம் பார்த்தார். சுற்றி வந்து இடது பக்கம் பார்த்தார். மறுபடி வலது பக்கம் போனார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"தங்கச்சி, சில்லு பூட்டினது ஆரு?"

"நான்தான்" என்றாள் மக்டலின். "ஏன், பிசகா? ரெண்டு பக்கமும் நூல் பிடிச்சுப் பூட்டினன் நானா. இந்தப் பக்கம் தண்டு பூட்டுற முளை எங்க நிக்குதோ அந்தப் பக்கத்து முளையும் அங்கதான் நிக்கும். ஒரு மயிரளவு வித்தியாசம் கண்டுபிடியுங்கோ பாப்பம்!"

"அதுதான் புள்ள பிழை."

மக்டலினுக்கு விளங்கவில்லை. இருபது வருடமாகப் படகு கட்டுகிறவள் அவள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லாவிட்டால் படகு சாயும், சாய்ந்தால் ஆள் சாகும். அவள் கைக்குத் தெரிந்த வேதமே அதுதான்.

ஜபார் நிதானமாகச் சொன்னார். "இது வள்ளமில்ல தங்கச்சி. சைக்கிள் மிதி நேரா அடியில நிக்கேக்க எவ்வளவு மிதிச்சாலும் போகுமா? போகாது. அப்பிடி ஒரு பக்கம் முடங்கி நிக்கேக்க மத்தப் பக்கம் தள்ளிக் குடுக்கணும். அதுக்காகத்தான் ஒரு பக்கத்து முளை கால் சுத்து முன்னுக்கு நிக்கணும். இப்ப ரெண்டு பக்கமும் ஒண்டாவே முடங்கி நிக்குது. போகமுந்தி நான் ஜோர்ஜிட்ட விளங்கப்படுத்திட்டுத்தானே போனன்? அவன் சொல்லேல்லையா?"

ஷானிகாவின் குரல் வந்தது, மெல்லிதாக, ஆனால் நடுங்காமல்.

"சொன்னார். மாமா அண்டைக்குச் சொல்ல வந்தது அதத்தான். அம்மாதான் சொல்ல விடேல்ல."

மக்டலின் கறுப்பியின் பக்கத் தகட்டைப் பிடித்துக்கொண்டாள். சூடு உள்ளங்கையில் ஏறியது. எடுக்கவில்லை. கழுவி வைத்த கோப்பைதான் கண்ணுக்குள் வந்தது. விலைபோனவன் என்று ஏசினாளே, அன்றைக்கு அவன் விலைபோயிருக்கவில்லை. அவன் சரியாகத்தான் சொன்னான். அவள்தான் காது கொடுக்கவில்லை.

"கழட்டிப் பூட்ட எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"ஒரு கிழமை ஓடிரும்."

"ஒரு கிழமை என்னட்ட இல்லை" என்றார் உத்தியோகத்தர். அவர் குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. ஆனால் இரக்கம் இருந்தது என்று அறிக்கையில் எழுத இடமில்லை.

மக்டலின் கண்ணைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் கரி இன்னும் பரவியது. பிறகு அவள் கேட்ட கேள்வியில் பழைய மக்டலின் திரும்பி வந்துவிட்டாள்.

"நானா, இந்த முடக்கத்தில இருந்து ஒரு சாண் நகர்த்தி விட்டா?"

ஜபார் யோசித்தார். "ஓடும். ஓடத் தொடங்கினா அந்த வேகத்திலயே முடங்கிற இடத்தத் தாண்டிரும். ஆனா நிண்டாப் போச்சு. திரும்பியும் முடங்கின இடத்தில நிண்டாளெண்டா எழும்பமாட்டாள்."

"அப்ப நிக்கமாட்டாள்."

"ஆக்கள் தள்ளினா அது ரெயில் இல்லை, வண்டில்!" என்று றொகான் பாய்ந்தான்.

உத்தியோகத்தர் கையை உயர்த்தினார். "தொடங்கிறதுக்கு ஒருதரம் தள்ளலாம். லொறியையும் தள்ளித்தானே ஸ்ராட் பண்ணுறம். ஆனா அதுக்குப் பிறகு துறைவரைக்கும் தள்ள ஒரு கை படக்கூடாது. பட்டுதெண்டா நான் ஓடினதெண்டு எழுதமாட்டன்."

"ஹரி, சரி" என்றான் றொகான். அவன் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது ஷானிகாவுக்குப் பிடிக்கவில்லை. அவன் தள்ளிப் போய்ப் போனில் சிங்களத்தில் கதைத்தான். அவள் காதைத் தீட்டிக் கேட்டாள்.

"அம்மா, கேற்றைத் திறக்க வேணாமெண்டு மாமாவுக்குச் சொல்லுறான்!"

பாதி வழியில் தண்டவாளத்துக்குக் குறுக்கே அந்தக் கேற். நிற்காமல் போனால் கேற்றில் மோத வேண்டும். நின்றால் எல்லாம் முடிந்தது. ஷானிகா தன் போனை எடுத்து மாமாவை அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். எடுக்கவில்லை.

"விடு" என்றாள் மக்டலின். "எடுத்தாலும் போனில சொல்லுற கதையில்ல அது."

அவள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? கரைவலை இழுத்த கையெல்லாம் எங்க?"

அதற்குத்தான் காத்திருந்ததுபோல் ஆண்களும் பெண்களும் கறுப்பியின் பின்னால் தோளைக் கொடுத்தார்கள். முன்னால் ஒருவன் வலை இழுக்கிற குரலை எடுத்தான். மற்றவர்கள் வாங்கினார்கள். உம்ரா முடித்து வந்த வெள்ளை ஜுப்பாவோடு ஜபார் நானாவும் ஓரத்தில் தோள் கொடுத்தார். மணல் இளகியது. இரும்பு முனகியது. ஒரு சாண். இரண்டு சாண்.

மக்டலின் கைப்பிடியை இழுத்தாள்.

கறுப்பி ஒரு உதறு உதறிவிட்டுத் தானாகப் போனாள்.

"கையை எடுங்கோ! எல்லாரும் கையை எடுங்கோ!" என்று ஷானிகா அழுதுகொண்டே கத்தினாள். எல்லோரும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினார்கள். பொலிஸ் பிடிக்க வந்ததுபோல் அப்படியொரு ஓட்டத்தை மாம்புரி கண்டதில்லை. உலகத்தில் ஒன்றுமே மிஞ்சாத இனத்தில் ஒருத்தி, மாம்புரி மணலில், அவர்கள் கண் முன்னால் மூச்சு விட்டுக்கொண்டு போனாள்.

வேகம் என்று பெரிதாக இல்லை. மனிதன் விரைந்து நடக்கிற வேகம். ஒவ்வொரு சுற்றிலும் அந்த முடங்கும் இடத்தில் ஒரு தயக்கம், பிறகு ஒரு தள்ளல். தயங்கும் ஒவ்வொரு முறையும் மக்டலினின் உயிர் நின்று வந்தது.

வளைவு தாண்டியதும் கேற் தெரிந்தது. பூட்டியிருந்தது. அதன் முன்னால் நீலச் சட்டையில் ஜோர்ஜ்.

மக்டலின் ஊதலை இழுத்தாள். ஜோர்ஜ் இரண்டு கையையும் ஆட்டினான்.

"நிப்பாட்டு அக்கா! பூட்டுத் திறப்பு என்னட்ட இல்ல! இப்பத்தான் ஹோட்டல்காரர் வாங்கிட்டுப் போட்டாங்கள்!"

"நிப்பாட்ட ஏலாது! நிப்பாட்டினா எழும்பமாட்டாள்!" மக்டலின் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். ஓடி வந்த ஊர் முழுக்கக் கேட்டது. "நீ சொன்னதுதான் சரி ஜோர்ஜ்! சில்லு பிழை! நான்தான் பிழை!"

மக்டலின் வாயிலிருந்து அந்தக் கடைசி இரண்டு சொல் வந்ததை மாம்புரி அதற்கு முன் கேட்டதில்லை.

ஜோர்ஜ் ஒரு கணம் அசையாமல் நின்றான். அவ்வளவுதான். அடுத்த கணம் காவல் கொட்டிலுக்குள் பாய்ந்து ஒரு இரும்பு அலவாங்கோடு வெளியே வந்தான். பூட்டின் பக்கம் போகவே இல்லை. ஒரு கிழமையாக அதனடியில் காவல் நின்றவனுக்கு அந்தக் கேற் தூணில் மாட்டியிருந்த விதம் தெரியும். பிணைச்சல் பக்கம் போய், அடியில் அலவாங்கைக் கொடுத்து, முதுகு முழுவதையும் போட்டு நெம்பினான். கீழ்ப் பிணைச்சல் கழன்றது. மேலது கழலவில்லை. கறுப்பியின் சூடு அவன் முதுகில் படுகிற தூரம்.

"மாமா!" என்று ஷானிகா அலறினாள்.

மேலதும் கழன்றது. இரும்புக் கேற் ஆமைப்பூட்டோடு தொங்கித் திரும்பி வேலிப் பக்கம் சரிந்தது. ஜோர்ஜ் மறுபக்கம் மணலில் விழுந்தான். கறுப்பி அவன் சப்பாத்தை உரசுகிற மாதிரிப் போனாள்.

விழுந்தவன் எழுந்து ஓடி வந்து படியைப் பிடித்து ஏறினான். அக்காளும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் முன்னால் தண்டவாளத்தையே பார்த்தார்கள்.

"கால் சுத்து" என்றாள் மக்டலின் கொஞ்ச நேரம் கழித்து. "எந்தப் பக்கம் முன்னுக்கு நிக்கணும்?"

"வலது பக்கம்."

"சரி. நீ சொல்லுற பக்கம்."

ஜோர்ஜ் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். காற்றில் கரித்தூசு, அதனால்தான் கண் கலங்கியது என்று வைத்துக்கொள்வோம்.

துறையில் தண்டவாளம் முடிகிற இடத்தில் மக்டலின் கைப்பிடியை மூடிப் பிறேக்கைப் போட்டாள். கறுப்பி இளைத்து இளைத்து நின்றாள். பின்னால் வந்த ஊர் போட்ட சத்தத்தில் படகுகளுக்குள் தூங்கிய நாய்கள் எழுந்து ஓடின.

உத்தியோகத்தர் கடைசியாக வந்து சேர்ந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். "ஓடினது" என்றார் மூச்சு வாங்க. "ஒரு கையும் தள்ளேல்ல. எழுதுறன். முடிவு கொழும்பிலதான். ஆனா எழுதுறது நான்."

றொகான் கைதட்டவில்லை. அவன் ஒரு பொலிஸ் ஜீப்போடு வந்தான். சார்ஜன்ட் இறங்கிச் சுற்றிப் பார்த்தார்.

"கேற்றை உடைச்சது ஆரு?"

"உடைக்கேல்ல, கழட்டினன். நான்தான்" என்று ஜோர்ஜ் இறங்கினான். நீலச் சட்டையைக் கழற்றி, மடித்து, றொகானின் கையில் கொடுத்தான். வெறும் பெனியனோடு ஜீப்பில் ஏறினான். மக்டலின் ஜீப்பின் முன்னால் போய் நின்றாள். ஜோர்ஜ்தான் தலையை ஆட்டினான். "விடக்கா. நான் செய்ததுக்கு நான் போறன்."

ஜீப் போனது. மக்டலின் அழவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்த றொகானுக்கு அது எரிச்சலாக இருந்தது.

"இந்த வண்டியை இப்பவே எடுங்க" என்றான். "முடிவு வரும்வரைக்கும் இது எங்கட காணி. வெள்ளிக்கிழமை வெளிநாட்டு ஆக்கள் வருவாங்க. கடலைப் பார்க்க வாறவங்க இதையா பார்க்கிறது?"

மக்டலின் ஜபார் நானாவைப் பார்த்தாள். ஜபார் குனிந்து சில்லைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதே முடக்கத்தில நிக்கிறாள் தங்கச்சி. ஆர் வந்தாலும் தானா எழும்பமாட்டாள்."

"கேட்டீங்களா?" என்றாள் மக்டலின் றொகானிடம். "தள்ளிப் பாருங்கோ."

றொகான் மீனவர்களைப் பார்த்தான். இவ்வளவு நேரம் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்த கைகளை எல்லோரும் இப்போது நெஞ்சில் கட்டிக்கொண்டார்கள்.

"எப்பதான் எடுப்பீங்க?"

"சில்லைக் கழட்டித் திருப்பிப் பூட்டினதும் எடுப்பம்."

"அதை எப்ப பூட்டுவீங்க?"

மக்டலின் கறுப்பியின் படியில் உட்கார்ந்தாள். கரிபிடித்த கையைச் சேலையில் துடைத்தாள். அவசரமே இல்லை. சில்லு பூட்டத் தெரிந்த ஜபார் நானா ஒன்றும் தெரியாதவர்போல் கடலைப் பார்த்தார்.

"அது எங்க ஒருத்தருக்கும் தெரியாத வேலை. எப்பிடிப் பூட்டணும் எண்டு தெரிஞ்சவன் இப்பதான் உங்கட ஜீப்பில போறான். வெள்ளிக்கிழமைக்கு முந்தி இது போகணுமெண்டா நீங்களே பொலிசுக்குப் போய் என்ட தம்பியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."